நாளும் பொழுதும் காட்டும் கடிகாரம்: எட்டு மாதம் பாவித்த பிறகு

மறதிநோய் உள்ளவர்களுக்கென்று விற்கப்படும் நாட்கடிகாரம் ஒன்றை எட்டு மாதங்களுக்கு முன்னர் ஒன்லைனில் வாங்கினேன். 8 அங்குலத் திரை, வெள்ளைச் சட்டம், பின்னால் ஒரு தாங்கி. தூரத்திலிருந்து பார்த்தால் கல்யாணப் படம் போடும் பிரேம் என்றே நினைக்கத் தோன்றும். திரையில் நான்கு விடயங்கள் மட்டும் தெரியும்: கிழமை, பொழுது, மணி, திகதி. கிழமையைச் சுருக்காமல் முழுச் சொல்லாகவும், மாதத்தை இலக்கத்தில் அல்லாமல் பெயராகவும் காட்டும். டெலிவரிச் செலவோடு 13,800 ரூபாய் ஆனது. இதே சாமான் பல பெயர்களில் விற்கப்படுகிறது. பெட்டியும் பெயரும் மாறினாலும் உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், நான் வாங்கியதன் பெயரை எழுதுவதில் யாருக்கும் பயனில்லை.

வாங்கியது என் கணவருக்காக. அவருக்கு இப்போது 56 வயது. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் 22 வருடம் தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீ மேக்கராக இருந்தவர். 53 வயதில் அல்சைமர் என்ற மறதிநோய் என்று சொன்னார்கள். 65 வயதுக்கு முன்னர் அறிகுறி தொடங்கினால் அதை இளவயது டிமென்ஷியா என்று வைத்தியர்கள் தனியாகப் பிரிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், டிமென்ஷியா உள்ளவர்களில் 9 சதவீதம் வரையானோர் இந்த வகையினர். தமிழில் நாம் இந்த நோய்க்கு வைத்திருக்கும் பெயரோ ‘முதுமை மறதி’. தலைமயிர்கூட இன்னும் முழுதாக நரைக்காத ஒருவருக்கு முதுமை மறதி என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜேர்மன் வைத்தியர் 1901இல் கவனிக்கத் தொடங்கிய அந்த முதல் பெண் நோயாளிக்கே வயது 51தான் என்று மகள் வாசித்துச் சொன்னபோது, தமிழில் பெயர் வைத்தவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது உண்மை.

அவரிடம் முதலில் பிசகியது நேரம்தான். உருட்டி இறக்கிய தூள் எத்தனை மணிக்குப் பரப்பப்பட்டது, எத்தனை மணிக்கு உலர்த்தும் டிரையருக்குப் போக வேண்டும் என்பதைத் தொழிற்சாலையில் பலகையில் எழுதி வைப்பார்கள் என்றாலும், அவர் பலகையைப் பார்க்கிறவர் அல்லர். ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோய், பச்சை வாடை போய்விட்டதா, செம்பு நிறம் ஏறிவிட்டதா என்று பார்த்து, இன்னும் பத்து நிமிடம் என்பார்; அது பத்து நிமிடமாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவர் ஒரே மாதத்தில் இரண்டு தடவை தூளை அளவுக்கு மிஞ்சி நொதிக்க விட்டார். ஒரே இன்வொய்ஸை இரண்டு தரம் எழுதினார். குடிக்கத் தொடங்கிவிட்டார் என்றுதான் பேச்சு வந்தது. ஹட்டன் பஸ் நிலையத்தில் எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் அவர் நின்ற நாளில், முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர், “ஐயா காலையிலேயே ஏத்திட்டாரு போல” என்று சிரித்தாராம். கையில் ஊன்றுகோல் இருக்கும் எண்பது வயதுக்காரரைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். முதலில் பார்த்த வைத்தியர் மனஅழுத்தம் என்று சொல்லித் தூக்க மருந்து கொடுத்ததில் ஒரு வருடம் வீணாகப் போனது.

பின்னர் கண்டியில் நரம்பியல் கிளினிக்கில் தைரொயிட், பி12 விட்டமின் இரத்தப் பரிசோதனைகளும் மூளை ஸ்கேனும் எடுத்தார்கள். சரிசெய்யக்கூடிய காரணம் ஏதும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். அன்று அவருடைய கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து மணி காட்டச் சொன்னார்கள். வட்டத்தை அழகாகப் போட்டார். பன்னிரண்டு இலக்கங்களையும் வலது பக்கத்திலேயே நெருக்கி எழுதி முடித்துவிட்டு, இடது பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்து, “இடம் மிஞ்சிருச்சு” என்றார். முள் வைக்கவே இல்லை. வீட்டுச் சுவரில் என் சீதனமாக வந்த கடிகாரம் இருந்தும் நான் திரைக் கடிகாரம் தேடியதன் காரணம் அந்தத் தாள்தான்.

இனிச் சாமானுக்கு வருகிறேன். எழுத்து மிகப் பெரியது. எங்கள் முன்னறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்கலாம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, கூச்சமில்லை. திகதியை முதலில் அமெரிக்க முறைப்படி மாதத்தை முன்னால் வைத்துக் காட்டியது. அதை மாற்றுவதற்கான பட்டன் பின்பக்கம் இருக்கிறது. மொழிப் பட்டியலில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம் என்று பதினைந்துக்கு மேல் இருந்தும் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. தொழிற்சாலைப் பதிவேடுகளை வாழ்நாள் முழுவதும் ஆங்கிலத்தில் எழுதியவர் என்பதால் ஆங்கிலம் போதும் என்று நினைத்துவிட்டேன். முதல் ஆறு வாரம் போதுமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ‘தேர்ஸ்டே’ என்று சத்தமாக வாசித்துவிட்டு, என் பக்கம் திரும்பி, “இன்னைக்கு என்ன கெழம?” என்று கேட்கத் தொடங்கினார். வாசிக்க முடிந்தது, வாசித்த சொல் எந்த நாளையும் தொடவில்லை.

எனவே கிழமைக்கு ஏழு, பொழுதுக்கு ஐந்து என்று தடித்த மட்டையில் தமிழ் எழுதி, திரையின் ஆங்கிலச் சொல்லை மறைத்து ஒட்டும் ஏற்பாட்டைச் செய்தேன். ஆசிரியையான எனக்கு மட்டை வெட்டுவது புதிதல்ல. ஆனால் பதின்மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய கடிகாரத்துக்குத் தினமும் காலையில் மட்டை மாற்றிக்கொண்டிருக்கும்போது, எனக்கே சிரிப்பு வந்ததும் உண்டு. பொழுதின் பெயர்களிலும் சிக்கல் இருந்தது. அந்தக் கடிகாரத்துக்கு மத்தியானம் பன்னிரண்டு முதல் மாலை வரை எல்லாம் ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் பகலைப் பிரித்தது, பறித்த தேயிலையை நிறுக்கும் கொழுந்து நிறுவை: காலைக் கொழுந்து, பகல் கொழுந்து, அந்திக் கொழுந்து. நான் அந்தப் பிரிப்பையே வைத்துக் காலை, பகல், அந்தி என்று எழுதியபோதுதான் அவர் பார்த்துத் தலையாட்டினார்.

கடிகாரம் தன் விலைக்கு உழைத்த இடம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. தென்மேற்கு மழைக் காலத்தில் எங்கள் ஊரில் பிற்பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கி, எதிர்மலை தெரியாமல் போய்விடும். அந்த இருட்டைப் பார்த்ததும் அவர் ஜன்னலைச் சாத்துவார், லைட்டைப் போடுவார், பிள்ளைகள் ஏன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். இரண்டு பிள்ளைகளுமே கொழும்பில் வேலை செய்கிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் இந்த நோய்க்காரர்களுக்குக் குழப்பம் கூடும் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். மலையில் பொழுது சாயாமலேயே சாய்ந்துவிடுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த நேரத்தில் நான், “இன்னும் மூணரைதாங்க” என்று சொன்னால் நம்ப மாட்டார். கடிகாரத்தைக் காட்டினால் நம்புவார். கிட்டே போய், சுட்டுவிரல் நகத்தால் திரையை இரண்டு தரம் தட்டிவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். டிரையரின் வெப்பமானியை அப்படித் தட்டிப் பார்த்துத்தான் நம்பும் வழக்கம் அவருக்கு. ஆள் சொல்வதைவிட மீற்றர் சொல்வதை நம்பிப் பழகியவருக்கு இந்தச் சாமான் பொருந்தும் என்று அன்று எனக்குப் பட்டது.

அதே பழக்கம் இரவில் எங்களைக் கவிழ்த்தது. வாங்கிய மூன்றாம் வாரம், கடிகாரம் படுக்கையறையில் இருந்த காலம். கட்டில் அசைந்ததில் விழித்துப் பார்த்தேன். அவர் கம்பளிக் கோட்டைப் போட்டு, தலையில் மப்ளரும் சுற்றிவிட்டு, அலுமாரியின் மேல்தட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

“என்னங்க தேடுறீங்க?”

“சாவி. ரெண்டு தாண்டிருச்சு, ரோலிங் போடணும்.”

“இது ராத்திரிங்க. படுங்க.”

அவர் என்னை வாதாடத் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, கடிகாரத்தைக் காட்டினார். “மணியப் பாரு.”

மணி 2.10. கடிகாரம் சொன்னது சரி. அவர் சொன்னதும் சரி. பகலில் எடுத்த கொழுந்து மேல்மாடியில் இரவு முழுவதும் காற்றில் வாடிக் கிடக்கும். பக்குவமாக வாடியதும் விடிவதற்கு வெகு முன்னரே உருட்டத் தொடங்கினால்தான் அன்றைய வேலை பகலுக்குள் முடியும். 22 வருடமாக அவர் வேலைக்குப் போன நேரம் அதுதான். கடிகாரத்தின் பெட்டியில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி ‘நைட்’ என்ற சொல்லைப் பார்த்து நிம்மதியாகச் சிரிக்கும் படம் போட்டிருக்கிறது. அந்தப் பாட்டிக்கு இரவு 2 மணி தூங்கும் நேரம் என்பதால் அது போதும். டீ மேக்கருக்கு அது பிந்திவிட்ட நேரம். நேரம் தெரியாததால் அவர் தடுமாறுகிறார் என்று நான் கணக்குப் போட்டு வாங்கிய சாமான், நேரத்தைச் சரியாகச் சொல்லி அவரை வாசலுக்கு அனுப்பியது. அந்த மாதத்தில் நான்கு இரவுகள் அப்படிப் போயின. ஒரு நாள் வெளிக்கதவின் கொண்டியைத் திறந்து படிக்கட்டு வரைக்கும் இறங்கிவிட்டார்.

முதலில் ‘இரவு. தூங்கவும்’ என்று ஒரு மட்டை எழுதிக் கடிகாரத்தின் கீழே வைத்தேன். அதை வாசித்துவிட்டு, “இதை எழுதினது யாரு?” என்று கோபப்பட்டார். தொழிற்சாலையில் உத்தரவு எழுதுகிறவர் அவர்தானே. வழி காட்டியவர், முன்பு அவருக்குக் கீழே ரோலிங் ரூமில் வேலை செய்த ஒருவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஐயாவைப் பார்க்க வந்தவர், நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “மணி சொன்னா ஐயா கெளம்பத்தான் பாப்பாரு டீச்சர். கொழுந்து இல்லன்னு சொல்லுங்க” என்றார். அன்று மாலையே எழுதினேன்: ‘இன்று கொழுந்து இல்லை. பெக்டரி லீவு.’ அடுத்த தடவை எழும்பியபோது அவர் மணியைப் பார்த்தார், மட்டையைப் பார்த்தார், “மழை போல” என்றார், கோட்டோடேயே படுத்துத் தூங்கிவிட்டார். இது பொய்யா என்று மகள் தொலைபேசியில் கேட்டாள். அவருக்கு வர வேண்டிய கொழுந்து எங்கும் இல்லை என்பது உண்மைதானே என்றேன். பிறகு கடிகாரத்தையும் படுக்கையறையிலிருந்து முன்னறைக்கு மாற்றிவிட்டேன். இரவு வேலை பார்த்த எவருக்காவது, தாதியோ காவலாளியோ லொறிச் சாரதியோ, இதை வாங்குகிறீர்கள் என்றால் படுக்கையறையில் வைக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். இரவில் வெளிச்சம் தானாகக் குறையும் வசதி இருக்கிறது. இலக்கங்களை முழுவதுமாக மறைக்கும் வசதி நான் வாங்கியதில் இல்லை.

மருந்து நினைவூட்டும் வசதியைப் பற்றி விற்பவர்கள் நிறையச் சொல்கிறார்கள். எங்களுக்கு அது ஒன்றுக்கும் உதவவில்லை. அவருக்கு இரவில் ஒரு டொனெபெசில் குளிசை. இந்த மருந்து நோயைக் குணப்படுத்தாது, அறிகுறிகளைச் சிலருக்குச் சில காலம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவே. ஆனாலும் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். எட்டு மணிக்குக் கடிகாரம் கீச்சிட்டு, திரையில் குளிசைப் படம் வரும். அவர் எழுந்து போய்ப் பட்டனை அமத்திச் சத்தத்தை நிறுத்துவார், திரும்பி வந்து உட்காருவார். சத்தம் நின்றதால் வேலை முடிந்தது என்பது இயந்திரத்தோடு வாழ்ந்தவரின் கணக்கு. பாமசியில் வாங்கிய, ஏழு அறை கொண்ட பிளாஸ்டிக் பெட்டியும் என் கையும்தான் இன்றுவரை அந்த வேலையைச் செய்கின்றன.

மின்சாரம் அடுத்த குறை. இதற்குள் இருக்கும் சிறிய பட்டரி நேரத்தை நினைவில் வைத்திருப்பதற்கு மட்டும் உதவுகிறது; கரண்ட் போனால் திரை கறுப்பாகிவிடும். மலையில் கரண்ட் போவது மழையோடும் காற்றோடும்தான்; அதாவது பனிமூட்டம் இறங்கி அவருக்குக் கடிகாரம் அதிகம் தேவைப்படும் அதே வேளையில். அடாப்டர் 5 வோல்ட் என்பதைக் கண்டுபிடித்த மகன், தொலைபேசிக்கு வைத்திருந்த பவர் பேங்கில் அதைக் கொழுவிக் காட்டினான், வேலை செய்கிறது. வாங்குவதற்கு முன்னர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அடாப்டரின் முள் நமது பிளக் பொயின்ட்டுக்குப் பொருந்தாததால் மாற்றுப் பிளக் ஒன்றும் வாங்க வேண்டியிருந்தது. அவர் போகிற வருகிற வேளையெல்லாம், வீணாகக் கரண்ட் போகிறது என்று சுவிட்சை அணைத்துவிடுவார். அலுமாரிக்குப் பின்னால் உள்ள பொயின்ட்டுக்கு மாற்றிய பிறகே அந்தத் தொல்லை ஓய்ந்தது.

மலிவான மாற்று வழிகளையும் பார்த்துவிட்டுத்தான் இதற்கு வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஹட்டன் நகைக்கடையில் சும்மா கிடைக்கும் தினக் கலண்டரைப் போல ஒன்று உண்டா என்று யாரும் கேட்பார்கள். தமிழில் கிழமை, நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் இருக்கிறது. ஆனால் தாளைக் கிழிப்பது காலையில் செய்யும் வேலை என்பது அவருக்கு நினைவிருக்கிறது. இன்று கிழித்தாயிற்று என்பது நினைவில்லை. ஒரு நாளில் மூன்று நான்கு தாள் போய்விடும். புதன்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்து பார்க்கும்போது கலண்டரில் ஞாயிற்றுக்கிழமை ஆகியிருக்கும், கிழித்த தாள்கள் எல்லாம் நான்காக மடிக்கப்பட்டு அவருடைய சட்டைப் பையில் இருக்கும். மணி சொல்லும் தொலைபேசி அவரைத் திடுக்கிட வைத்தது. பதுளை ரயிலின் சத்தத்தை வைத்து நேரம் சொல்லலாம் என்று அயல்வீட்டு மாமி சொன்னார். அந்த ரயிலை நம்பி நேரம் கணித்தால் நோயில்லாதவருக்கும் குழப்பம் வந்துவிடும்.

இவ்வளவு குறையையும் எழுதிவிட்டு, திருப்பி அனுப்பாமல் ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்கலாம். பள்ளி முடிந்து வந்த களைப்பில், பாத்திரம் கழுவும் சத்தத்துக்கிடையே, “மணி என்னாச்சு?” என்ற கேள்வி முப்பதாவது தடவை வரும்போது என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கேள்வியை அவர் மறந்துவிடுவார். என் குரலிலிருந்த எரிச்சலை மறப்பதில்லை, அதன் பிறகு இரவு முழுவதும் முகம் சுருங்கியே இருக்கும். இப்போது ஈரக் கையால் கடிகாரத்தின் பக்கம் காட்டுகிறேன். அவர் எழுந்து போகிறார், நகத்தால் தட்டுகிறார், இலக்கத்தை வாசிக்கிறார், வந்து உட்காருகிறார். பத்து நிமிடத்துக்குப் பிறகு மீண்டும் போகிறார். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் நான் காசு கொடுத்திருக்கிறேன் என்று வைத்துக்கொண்டால், விலை கூடவில்லை.

யார் வாங்கலாம் என்றால், எழுத்தும் இலக்கமும் இன்னும் பிடிபடுகிற, நோயின் ஆரம்ப அல்லது நடுக்கட்டத்தில் இருப்பவருக்கு வாங்கலாம். வாசிப்பு போய்விட்டவருக்கு இது வெறும் வெளிச்சம். பகலில் ஒரு ஆள் வீட்டில் இருக்க வேண்டும், கடிகாரம் ஆளுக்குப் பதில் ஆகாது. நான் பள்ளிக்குப் போகும் நேரத்தில் கொழுந்து வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு அக்கா வந்து இருக்கிறார். அவருக்குக் கொடுக்கும் மாதச் சம்பளத்தின் பக்கத்தில் இந்தக் கடிகாரத்தின் விலை ஒன்றுமில்லை. இந்த நோய்க்காரர்களுக்கான பகல்நேர நிலையத்தை லங்கா அல்சைமர் பவுண்டேஷன் கொழும்பில் நடத்துகிறது. ஆலோசனைக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது. மற்றபடி, மலைக்கு ஏறி வருவது பார்சலில் வரும் சாமான்தான், சேவை அல்ல. தமிழும் சிங்களமும் உள்ள ஒன்றை இங்கே யாராவது இறக்குமதி செய்தால் இரண்டாவதாக ஒன்று வாங்கி அயல்தோட்டத்தில் இதே நிலையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பேன். இப்போதைக்கு ஐந்துக்கு மூன்று புள்ளி.

மட்டை ஒட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. செலோடேப் மலையின் ஈரத்துக்கு நிற்பதில்லை, இரண்டு வாரத்தில் கழன்றுவிடும். போன மாதம் ‘கொழுந்து இல்லை’ மட்டை அப்படித்தான் விழுந்தது. நான் தேடும்போது அது அவருடைய சட்டைப் பையில், கலண்டர் தாள்களுக்கு நடுவே இருந்தது. கேட்டேன், தர மறுத்துவிட்டார். வேறொன்று எழுதி, இந்தத் தடவை கதவுக்கு ஒட்டும் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டியிருக்கிறேன். ஐந்து வாரமாகிறது, இன்னும் கழலவில்லை.